யூரியா விலையும் மலைமண் விலையும்

(திருப்பூரில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று காலையில் குளித்துவிட்டு இந்த அரங்கத்துக்கு வந்திருப்பவர்களில் பெரும்பாலோர் நீலகிரியில் பெய்த மழையில்தான் குளித்திருக்கிறீர்கள். மேட்டுப்பாளையத்தில் எடுத்துத் திருப்பூருக்கு அனுப்புகிற குடிநீர் பவானித் தண்ணீர். 2005-06 வாக்கில் வந்த புதிய திருப்பூர் திட்டத்தின் தண்ணீரும் பவானித் தண்ணீர்தான். நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் எடுக்கலாம் என்று திட்டமிட்டு, ஏறக்குறைய 55 கிலோமீட்டருக்குக் குழாய் பதித்துக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு, வழியோரக் கிராமங்களுக்கு, சாயப்பட்டறைகளுக்கு என்று அதைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு-அவினாசித் திட்டமும் இதே ஆற்றை நம்பித்தான். காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வருகிற உபரி நீரில் 1.5 டி.எம்.சி.யை மேலேற்றி, மூன்று மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்கு விடுவது அதன் ஏற்பாடு. அரை நூற்றாண்டுக்கு மேல் கேட்டு வாங்கிய தண்ணீர் அது.

ஆகவே மலைவிவசாயத்தைப் பற்றிப் பனியன் ஊரில் பேசுவது ஊர்விட்டு ஊர் போய்ப் பேசுவதாகாது. நம் குழாயின் மறுமுனையைப் பற்றித்தான் பேசுகிறோம்.

பவானி குந்தா மலைகளில் பிறந்து, அட்டப்பாடிக்குள் புகுந்து, கேரளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மறுபடி தமிழ்நாட்டுக்குள் வந்து பில்லூரில் அணைபடுகிறது. மேட்டுப்பாளையம் தாண்டியதும் பவானிசாகர். 1955இல் கட்டி முடித்த அந்த அணையில்தான் மோயாறு வந்து சேர்கிறது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, குந்தா பக்கங்களில் விழுகிற மழை எந்தப் பள்ளத்தில் இறங்கினாலும் பெரும்பாலும் இந்த இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடித்து பவானிக்கு வந்துவிடும். கூடலூர், பந்தலூர் பக்கத்துத் தண்ணீர் மேற்கே போகிறது. அந்தக் கதை நமக்கு இன்று வேண்டாம்.

மழைத் தண்ணீர் தனியாக வருவதில்லை, மண்ணையும் கூட்டிக்கொண்டு வருகிறது. 1950-களின் பிற்பாதியில் கனடா நாட்டு உதவியோடு தொடங்கிய குந்தா மின்திட்டத்து அணைகளில் அந்த மண் தங்குகிறது. 1960-களில் கட்டிய பில்லூரிலும் தங்குகிறது. பில்லூரில் வண்டல் ஏறிப்போய் வெகுகாலமாகிறது. தூர்வாருவதைப் பற்றிக் கோவையில் பேசாத ஆண்டு கிடையாது. மழைக்காலத்தில் பில்லூர்த் தண்ணீர் செம்மண் நிறமாகி, சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் கூடுதலாகப் போட வேண்டியிருக்கிறது என்ற செய்தியும் ஆண்டுதோறும் வருகிறது. பவானிசாகருக்குக் கீழே தண்ணீர் எடுக்கிறவர்களுக்கு அந்தக் கலங்கல் அவ்வளவாகத் தெரியாது. பெரும்பகுதி மண்ணை அணையே வாங்கி வைத்துக்கொள்கிறது. 32.8 டி.எம்.சி. கொள்ளளவில் அந்த மண் இடம் பிடிக்கிற கணக்கு, கீழ்பவானி வாய்க்காலில் 2,07,000 ஏக்கர் பாசனத்தை நம்பியிருப்பவர்களின் தலையில் விடியும்.

மண் வருவது புதிதில்லை என்று நீங்கள் சொல்லலாம். ஆடிப்பெருக்கன்று பவானி கூடுதுறையில் நின்று செக்கச்செவேலென்று வருகிற புதுத்தண்ணீரைக் கும்பிடுகிற ஊர்க்காரர்கள் நாம். காவிரிப் படுகையே மலைமண்ணால் ஆனதுதான். ஆனால் அன்று வந்த மண் வயலில் பரவியது. இன்று வருகிற மண் அணையில் தேங்கிவிடுகிறது. அன்று மேலே இருந்தது புல்வெளியும் சோலைக்காடும் விட்டுவிட்டுப் பயிர் செய்த காடுகளும். இன்று மேலே இருப்பது என்ன என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நீலகிரியில் படுகர் ஊர்களில் சாமையும் கேழ்வரகும் போட்ட காலத்தில் ஒரு துண்டு நிலத்தைச் சில ஆண்டுகள் உழுதுவிட்டுப் பல ஆண்டுகள் விட்டுவிடுவார்கள். பிரிட்டிஷ் வருவாய்க் கணக்கில் அதற்கு 'புர்த்தி' முறை என்று பெயர். சில ஏக்கருக்கு வரி கட்டி, அதைவிடப் பெரிய பரப்பில் இடம் மாற்றி மாற்றிப் பயிர் செய்துகொள்ளலாம். 1860-களில் அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டு, இன்னாருக்கு இந்த நிலம் என்று அளந்து கொடுத்தார்கள். காகிதத்தில் அது சீர்திருத்தம். நிலத்துக்கு ஓய்வு போயிற்று. அதற்கு முன்பே, 1820-களில், கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் ஊட்டியில் குடியேறி உருளைக்கிழங்கையும் ஐரோப்பியக் காய்கறிகளையும் கொண்டுவந்து விட்டிருந்தார். பிறகு வந்தது தேயிலை.

உருளைக்கிழங்கு இந்த மலைக்குப் பணம் காட்டிய பயிர். ஆண்டில் மூன்று போகம்: கோடையில் நட்டுப் பருவமழையில் வளர்வது கார்போகம், அதற்குப் பின் கடைபோகம், தைப் பக்கத்தில் நட்டுத் தண்ணீர் கட்டி வளர்ப்பது நீர்ப்போகம். ஒரே நிலத்தில் திரும்பத் திரும்பக் கிழங்கு. 1961இல் ஊட்டிப் பக்கத்தில் தங்க நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள், கிழங்குச் செடியின் வேரில் கடுகைவிடச் சிறிய பொன்னிற உருண்டையாய் ஒட்டிக்கொண்டிருக்கும் புழு. அதன் முட்டைக்கூடு மண்ணில் பல ஆண்டுகள் பயிர் இல்லாமலே காத்திருக்கும். நீலகிரி விதைக்கிழங்கை வெளிமாநிலங்களுக்கு அனுப்பத் தடை வந்தது. கிழங்கு சுருங்க, அந்த இடத்தைக் கேரட் பிடித்தது. தேயிலைக் கொழுந்துக்கு விலை படுத்த ஆண்டுகளில் தேயிலையைப் பிடுங்கிவிட்டுக் கேரட் போட்டவர்களும் உண்டு.

மண்ணைப் பொறுத்தவரை இது நல்ல மாற்றமில்லை. பந்தலிட்டு நிற்கிற தேயிலைக்கு அடியில் மழைத்துளி நேராக மண்ணில் விழாது. கேரட்டுக்கு மண்ணைப் பொடிப்பொடியாக்க வேண்டும். விதை முளைத்து இலை மூடுவதற்குள் பல வாரம் மண் திறந்து கிடக்கும். அறுவடை என்பதே மண்ணைக் கிளறி வேரோடு இழுப்பது. கேத்தி பாலாடா பள்ளத்தாக்கில் போய் நின்றால் எதிர்ச்சரிவு முழுக்கப் பச்சையும் காவியுமாய்க் கட்டம் கட்டமாகத் தெரியும். சுற்றுலா வந்தவர்கள் படம் எடுக்கிற இடம். அந்தக் காவிக் கட்டங்கள்தான் என் பேச்சின் பொருள்.

ஒரு நல்ல மழைக்கு மறுநாள் அந்தக் காவிக் கட்டத்துக்குள் இறங்கிப் பாருங்கள். சின்னச் சின்னக் கற்கள் ஒவ்வொன்றும் விரற்கடை உயரத்துக்கு ஒரு மண்குச்சியின் மேல் உட்கார்ந்திருக்கும். கல்லுக்கு அடியில் இருந்த மண்ணை மழை தொடவில்லை. சுற்றியிருந்ததை அடித்துக்கொண்டு போய்விட்டது. அந்தக் குச்சியின் உயரம் எவ்வளவோ அவ்வளவு மண் அந்த வயலை விட்டுப் போயிருக்கிறது. அளவுகோலே தேவையில்லை. பயிர் நிற்கிற மண்வரிசையான பாரின் கீழ்முனையில் விசிறியாக வண்டல் படிந்திருக்கும். அதைக் கையில் எடுத்துத் தேய்த்தால் வழுவழுவென்றிருக்கும். மேலே வயலில் மிஞ்சியதைத் தேய்த்தால் நறநறக்கும். முதலில் ஓடுவது நுண்ணிய களியும் மக்கும்தான். ஓடிப்போகிற மண் எப்போதும் நின்றுவிட்ட மண்ணைவிட வளமானது. வேளாண் பொறியாளர்கள் அளந்து சொன்ன சங்கதி இது.

2009 நவம்பரில் நீலகிரியில் 40க்கும் மேற்பட்டவர்களைப் பலி வாங்கிய நிலச்சரிவு எல்லோருக்கும் நினைவிருக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. திருப்பூரில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்கிற மழையைவிட அது அதிகம். அப்படிப்பட்ட நாள்கள் பத்திரிகையில் வரும். சாதாரண ஆனி, ஆடி மழையில் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்று படலமாய்க் கழன்று போகிற மேல்மண்ணுக்கு நிருபர் வருவதில்லை.

ஊட்டியில் 1954 முதல் மத்திய மண்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் ஒன்று இருக்கிறது. தொடக்க காலத்தில் அவர்கள் செய்த சோதனைகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும், அவ்வளவு எளிமையானது. நூறு அடிக்கு இருபத்தைந்து அடி இறங்குகிற சரிவு, அதாவது 25 சதவீதம். அதில் உருளைக்கிழங்கு. ஒரு துண்டில் பார்களை மேலிருந்து கீழாகப் போட்டார்கள், மலையில் வழக்கமாகப் போடுகிற மாதிரி. எக்டேருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 39 டன் மண் போயிற்று. இன்னொரு துண்டில் சரிவுக்குக் குறுக்கே, சமமட்டத்தில் பார் பிடித்தார்கள். 15 டன். மூன்றாவது துண்டில் உள்பக்கமாய்ச் சாய்ந்த படித்தட்டு வெட்டிப் பயிர் செய்தார்கள். ஒரு டன் அளவுக்கு இறங்கிவிட்டது. அதே மழை, அதே மண், அதே கிழங்கு.

39 டன் என்பதை நம் கணக்குக்குக் கொண்டுவருவோம். ஏக்கருக்குப் பதினாறு டன், பெரிய டிப்பர் லாரியில் ஒரு லோடு. எக்டேர் முழுக்கப் பரப்பினால் மூன்று மில்லிமீட்டர் கனம். கண்ணுக்கே தெரியாது. அதே வேகத்தில் பத்து ஆண்டு போனால் மூன்று சென்டிமீட்டர். மேல்மண் ஒரு சென்டிமீட்டர் உருவாக நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்பது பள்ளிப் புத்தகத்தில் இருப்பதுதான்.

இந்தக் கணக்கை மலையில் ஒரு விவசாயியிடம் சொன்னபோது அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "மண்ணு கொஞ்சம் போகத்தானுங்க செய்யும். ரெண்டு மூட்டை சேத்துப் போட்டா சரியாப் போயிரும்" என்றார். அறியாமையில் சொன்னதாக நினைத்துவிடாதீர்கள். அவர் சொன்னதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பணக்கணக்கில் அவர் சொன்னது சரி.

எப்படி என்றால், மக்கு நிறைந்த அந்த மண்ணில் டன்னுக்கு இரண்டு கிலோ தழைச்சத்து என்று குறைத்தே வைப்போம். 39 டன்னில் 78 கிலோ போகிறது. 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம், அதாவது 20.7 கிலோ தழைச்சத்து இருக்கிறது. 78 கிலோவுக்கு நாலு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. மூட்டை விலை 266 ரூபாய் 50 பைசா. நாலு மூட்டை 1,066 ரூபாய். ஒரு எக்டேர் மலைநிலத்தின் மூன்று மில்லிமீட்டர் மேல்மண்ணுக்கு, அதாவது உருவாக முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிற ஒரு பொருளுக்கு, சந்தையில் அந்த விவசாயி காண்கிற விலை ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். அதைக் காப்பாற்றப் படித்தட்டு வெட்டுவதற்கு ஆள்கூலி எவ்வளவு ஆகும் என்று இங்கே கூலி கொடுத்துப் பழகியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்த முதலாளியும் மூட்டையைத்தான் வாங்குவான்.

நான் இன்று சொல்ல வந்தது இதுதான். மலையில் மண்ணரிப்பையும் உரப் பிரச்சினையையும் வெவ்வேறு துறைகள் தனித்தனியாகப் பார்க்கின்றன. மண்ணரிப்புக்கு வேளாண் பொறியியல் துறை, உரத்துக்கு வேளாண்மைத் துறை, தோட்டக்கலைத் துறை. விவசாயிக்கு இரண்டும் ஒரே பேரேட்டில் ஒரே வரி. அடித்துப்போன மண்ணுக்கு ஈடாகத்தான் மூட்டை வாங்குகிறார். மூட்டை மலிவாக இருக்கும்வரை மண் போவது நஷ்டமாகவே தெரியாது. 2010 ஏப்ரலில் சத்து அடிப்படையிலான மானியம் கொண்டுவந்து மற்ற உரங்களின் விலையை அவிழ்த்துவிட்ட மத்திய அரசு, யூரியாவின் விலையை மட்டும் கட்டியே வைத்தது. 50 கிலோ டி.ஏ.பி. 1,350 ரூபாய், 45 கிலோ யூரியா 266.50. சமவெளியில் இது மண்ணின் சத்துச் சமநிலையைக் கெடுத்தது என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். மலைச்சரிவில் இது மேல்மண்ணுக்கே ஒரு கீழ்விலை நிர்ணயித்துவிட்டது என்பதை யாரும் எழுதக் காணோம்.

விவசாயியின் கணக்கில் விட்டுப்போனவை உண்டு. மக்கில் கட்டுண்ட தழைச்சத்து மெல்ல மெல்ல அவிழ்ந்து ஆண்டுக்கணக்கில் பயிருக்குப் போவது. யூரியா அடுத்த மழையிலேயே கரைந்துவிடும். போன மண் தண்ணீரைப் பிடித்துவைத்திருந்தது, அந்த வேலையை எந்த மூட்டையும் செய்யாது. பிறகு அமிலம். நீலகிரி மண் இயல்பிலேயே புளித்த மண், கார அமில அளவு ஐந்தையொட்டியோ அதற்கும் கீழோ நிற்கும். யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் அதை இன்னும் புளிக்க வைக்கின்றன.

புளித்த மண்ணில் மணிச்சத்து படுகிற பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். வேளாண் பல்கலைக்கழகம் மலை உருளைக்கிழங்குக்குச் சொல்கிற உர அளவு எக்டேருக்குத் தழைச்சத்து 120 கிலோ, மணிச்சத்து 240 கிலோ, சாம்பல்சத்து 120 கிலோ. மணிச்சத்து இரண்டு மடங்கு. கிழங்கு அதைத் தின்று தீர்ப்பதால் இல்லை. அந்த மண்ணில் நிறைந்திருக்கிற இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் போட்ட மணிச்சத்தில் பெரும்பங்கைப் பிடித்துப் பூட்டிவிடுகின்றன. பூட்டியது போக மிச்சம் பயிருக்கு எட்டட்டும் என்றுதான் அள்ளிப் போடுகிறார்கள். ஒவ்வொரு போகத்திலும் போட்டுப் போட்டு, மேல் அரை அடி மண்ணில் மணிச்சத்து ஏறிக் கிடக்கிறது. கிழங்குக்கு எட்டாத அந்தச் சத்து மழைக்கு எட்டுகிறது. மண்துகளோடு ஒட்டிக்கொண்டு அப்படியே அணைக்கு இறங்குகிறது. கேட்டால் விவசாயி, "போட்டது கண்ணுக்கே தெரியலீங்க" என்பார். சுண்ணாம்போ டோலமைட்டோ போட்டு முதலில் புளிப்பை எடுத்தால் பூட்டில் கொஞ்சம் திறக்கும். முட்டைக்கோஸில் வேர் வீங்குகிற நோயும் அடங்கும். ஆனால் கடைக்காரர் கடனாகக் கொடுப்பது மிக்சர் உர மூட்டையை. சுண்ணாம்பில் லாபம் குறைவு, சுமை அதிகம்.

உரம் வைக்கிற நேரமும் ஒரு சிக்கல். பாதியை அடியுரமாகவும் மீதியை மேலுரமாகவும் வைக்கச் சொல்கிறார்கள், சரிதான். கார்போகத்தில் மேலுரம் வைத்து, களைக்கொத்தால் கிளறி, மண் அணைக்கிற வேலை தென்மேற்குப் பருவமழை இறங்குகிற வாரங்களில் வந்து விழுகிறது. உரம் புதுசு, மண் உதிரி, இலை இன்னும் மூடவில்லை, மேலே மழை. ஆண்டு முழுக்கப் போகிற மண்ணில் பெரும்பங்கு இப்படிப்பட்ட ஒரு சில நாள்களில்தான் போகிறது. இரண்டாகப் பிரிப்பதை மூன்றாகப் பிரிக்கலாம். தூவாமல் குழியில் வைத்து மூடலாம். வானிலை அறிக்கையைப் பார்த்து நாலு நாள் தள்ளலாம். இதற்குப் புதிய விஞ்ஞானம் எதுவும் வேண்டாம். வேண்டியது ஆள். அதுதான் மலையில் இல்லை. பாதிப் பேர் இங்கே பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள்.

இயற்கை உரம் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மலைக்கு ஏறுகிற இயற்கை உரத்தில் கணிசமானது சமவெளிக் கோழிப்பண்ணை எரு. நம் பல்லடம் பக்கம் கோழிக்குப் பேர்போனது, உங்களுக்குத் தெரியாததில்லை. கோழி எருவில் தழைச்சத்துக்கு ஈடாக மணிச்சத்தும் இருக்கும். பயிரின் தழைச்சத்துத் தேவைக்கு அளந்து கொட்டினால் மணிச்சத்து மிஞ்சிப்போகும். மக்காத எருவைச் சரிவில் குவித்து வைத்து, ஒரு மழையில் அது ஓடையில் கலப்பதைப் பார்த்தால் இயற்கை, செயற்கை என்ற பேதமெல்லாம் மறந்துவிடும். 2023 மார்ச்சில் தமிழ்நாடு அரசு அங்கக வேளாண்மைக் கொள்கை வெளியிட்டபோது வரவேற்றவன்தான் நான். சரிவில் மண் நிற்கவில்லையென்றால் அங்கக உரமும் நிற்காது என்பது என் ஒரே திருத்தம்.

சாயத் தொழில் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ரியாக்டிவ் சாயத்தைத் தொட்டியில் விட்டால் துணியில் பிடிப்பது நூற்றுக்கு அறுபதோ எண்பதோ. மீதி தண்ணீரோடு போகும். வயலும் அப்படித்தான். போட்ட தழைச்சத்தில் பயிர் எடுப்பது மூன்றில் ஒரு பங்கு, நல்ல நிர்வாகத்தில் பாதி. மணிச்சத்தில் முதல் போகத்தில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. வித்தியாசம், உங்கள் தொட்டிக்கு ஒரு வடிகுழாய் இருக்கிறது. அதை மூடலாம், அளக்கலாம், பூட்டிச் சீல் வைக்கலாம். 2011 ஜனவரி 28ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது மூட ஒரு வாசல் இருந்தது. மலைச்சரிவுக்கு வடிகுழாய் இல்லை. ஆயிரக்கணக்கான சிறு நிலங்கள், ஒவ்வொன்றின் கீழ்வரப்பும் ஒரு வடிகால். எந்த நீதிமன்றமும் மழையை மூடிவைக்க உத்தரவு போட முடியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மலைக்காரர்களைப் பார்த்து 'ஆற்றைக் கெடுக்கிறீர்கள்' என்று விரல் நீட்டுகிற தகுதி இந்த ஊருக்குக் கிடையாது. 1990-களின் தொடக்கத்தில் பாசனத்துக்கென்று நொய்யல் ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகிப்போனதும், நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் கிணறும் மண்ணும் உப்பேறி நீதிமன்றப் படி ஏறியதும் நம் காலத்தில் நடந்தவை. கழிவே வெளிவிடாத சுத்திகரிப்பை இந்த ஊர் கற்றுக்கொண்டது, அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டது. அந்த அனுபவத்தோடு மலைக்காரரிடம் பேசினால் மரியாதையாகப் பேச்சு நடக்கும்.

மேலிருந்து கீழாகப் பார் போடுவதற்கும் காரணம் இருக்கிறது. குறுக்கே பார் பிடித்தால் தண்ணீர் தேங்கும். தேங்கினால் கிழங்கு அழுகும், பின்பருவக் கருகல் நோய் பரவும். உள்சாய்வுப் படித்தட்டில் சுவரோரம் வடிகால் சரியாக எடுக்காவிட்டால் அங்கேயும் இதே கதை. நிலத்தில் கணிசமானது ஒரு போகக் குத்தகை. ஒரு போகத்துக்கு வந்தவர் அடுத்தவர் அனுபவிக்கப் போகிற படித்தட்டை எதற்கு வெட்டுவார்? இருக்கிற படித்தட்டின் சுவரைக்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி இன்னும் ஒரு வரிசைக் கேரட்டுக்கு இடம் தேடுகிறார்கள். சுவரில் பிடித்திருந்த புல் போய்விட்டால் அடுத்த மழையில் சுவர் சரியும். ஜே.சி.பி.யை வைத்து ஒரே நாளில் செங்குத்தாக வெட்டிய படித்தட்டுகளை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. மாவட்ட நிர்வாகம் அந்த இயந்திரத்துக்குக் கட்டுப்பாடு வைத்திருப்பது நியாயம்.

நம் மாவட்டத்திலும் மலை இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். உடுமலைக்குத் தெற்கே குருமலை, குழிப்பட்டி மலைக்குடியிருப்புகளில் தைலப்புல் வளர்த்து எண்ணெய் வடிக்கிறார்கள். புல்லின் வேர் சரிவைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது, உரம் மிகக் குறைவு. எண்ணெய் வடிக்க விறகு எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் உறுத்தல். எந்தத் தீர்வுக்கும் ஒரு பின்வாசல் இருக்கத்தான் செய்கிறது.

அறுவடைக்குப் பின் மண் வயலை விட்டு இன்னொரு வழியாகவும் போகிறது. கேரட்டை இரவிலும் விடியலுக்கு முன்னும் பிடுங்கி, கழுவும் இயந்திரத்துக்குக் கொண்டுவருவார்கள். கம்பி உருளைக்குள் கேரட் உருள, மேலிருந்து தண்ணீர் அடிக்க, இந்தப் பக்கம் பளபளவென்று ஆரஞ்சு நிறத்தில் மூட்டைக்குள் விழும். அந்தப் பக்கம் கெட்டியான காவித் தண்ணீர் வாய்க்காலில் இறங்கும். மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிற கேரட்டில் மண் ஒட்டியிருந்தால் விலை கிடைக்காது. கழுவுகிற இடத்தில் மூன்று அறைத் தெளிவுத்தொட்டி கட்டி, படிகிற மண்ணை அதே லாரியில் திருப்பி வயலுக்கு அனுப்பலாம். வயல் வயலாகப் போய் மண்ணைப் பிடிப்பது கஷ்டம். கழுவுமிடத்தில் மண் தானாக நம் கைக்கு வந்து சேர்கிறது.

இதற்கெல்லாம் பணம் யார் கொடுப்பது? 1997இல் நியூயார்க் நகரம் ஓர் ஒப்பந்தம் போட்டது. அதன் குடிநீர் கேட்ஸ்கில் மலைகளிலிருந்து வருகிறது. மாபெரும் வடிகட்டும் நிலையம் கட்டுவதா, மலை விவசாயிகளுக்குப் பணம் கொடுத்து மண்ணையும் சாணத்தையும் ஓடைக்கு வராமல் நிறுத்துவதா என்று கணக்குப் போட்டு, இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். கீழே குடிப்பவன் மேலே உழுகிறவனுக்குக் கூலி கொடுக்கிற ஏற்பாடு. நீங்கள் பனியன் அனுப்புகிற ஊர்தான் அது.

நம் கணக்குக்கு வருவோம். நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் என்பது 1,85,000 கிலோலிட்டர். முழு அளவு எடுப்பதாக வைத்து, கிலோலிட்டருக்குப் பத்துப் பைசா மலைக்கென்று ஒதுக்கினால் நாளுக்கு 18,500 ரூபாய், ஆண்டுக்கு ஏறக்குறைய 67 லட்சம். பெரிய பணமில்லை. மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் 1970-களிலிருந்தே நீலகிரியில் செலவழித்ததோடு ஒப்பிட்டால் சில்லறை. ஆனால் அரசுத் திட்டம் படித்தட்டை வெட்டிக் கொடுத்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, போய்விடும். புதிதாக வெட்டிய படித்தட்டில் அடிமண் மேலே வந்துவிடுவதால் முதல் இரண்டு மூன்று போகம் விளைச்சல் விழும். அந்த இழப்பை ஈடுகட்ட ஆளில்லாததால்தான் பலர் பழைய பாருக்கே திரும்பிவிட்டார்கள்.

அதனால் நம் 67 லட்சத்தை மண்வெட்டிக் கூலிக்குக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. படித்தட்டு வெட்டி முதல் மூன்று போகம் விளைச்சல் குறைந்தவருக்கு அந்தக் குறையைக் கொடுக்கலாம். அவருக்குச் சுண்ணாம்பும் மக்கிய எருவும் மலையேற்றிக் கொடுக்கலாம். கிழங்குக்கும் கேரட்டுக்கும் நடுவே ஒரு போகம் லூபின் என்ற பசுந்தாள் பயிரோ பீன்ஸோ போட்டு நிலத்தை மூடிவைக்கிறவருக்கு அந்தப் போகத்தின் குத்தகையைக் கட்டிவிடலாம். சுவர்ப்புல்லைச் செதுக்காமல் வைத்திருப்பவருக்கு ஆடி முடிந்ததும் போய்ப் பார்த்து, புல் இருந்தால் பணம், இல்லையென்றால் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். யாருக்குக் கொடுப்பது, நிலத்துக்காரருக்கா குத்தகைக்காரருக்கா என்ற கேள்வி வரும். பார் பிடிக்கிறவர் கையில் கொடுங்கள் என்பேன் நான். நிலத்துக்காரர் சண்டைக்கு வருவார். அதை எப்படித் தீர்ப்பது என்பதில் ஜாப் ஒர்க் கணக்கைத் தினமும் தீர்க்கிற உங்களுக்கு என்னைவிட அனுபவம் அதிகம். கேள்வி நேரத்தில் முதலில் அதையே எடுத்துக்கொள்வோம்.